ஏரியின் மேல் எழுந்த நகர்

மேற்கு மாம்பலத்திலே "லேக் வியூ ரோடு" என்றொரு சாலை உண்டு. ஏரி தெரியும் சாலை என்பது அதன் பொருள். பெயர்ப்பலகை தெரிகிறது, கடைகள் தெரிகின்றன, வண்டிகளின் நெரிசல் தெரிகிறது. ஏரி மட்டும் தெரியவில்லை! "ஐயா, பார்ப்பதற்கு ஏரியே இல்லையே, பிறகு ஏன் இந்தப் பெயர்?" என்று நம் வகுப்பு மாணவன் ஒருவன் வினவினான். பாடநூலிலே விடை இல்லை. எனவே வரலாற்றிலே தேடினோம்.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை அருகு வரை வளைந்து நீண்டு கிடந்தது அந்நீர்ப்பரப்பு. நீளம் கருதியே ஆங்கிலேயர் அதனை "லாங் டேங்க்" என்றனர். வடபால் நுங்கம்பாக்கம் ஏரி, தென்பால் மயிலாப்பூர் ஏரி; இரண்டும் சென்னையின் மேற்கெல்லையாக நின்றன. வெள்ளையர் அதில் படகுப் போட்டி நடத்திக் களித்ததுண்டு. உழவர்க்கோ அது வயலுக்கு வாழ்வு, கிணற்றுக்கு ஊற்று.

ஏரி என்பது ஏதோ தண்ணீர் தேங்கிய பள்ளம் என்று எண்ணுவோர் இன்றும் உளர். அன்று! மேட்டு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து, கால்வாய் பிடித்து, அடுத்த ஏரியை அடையும்; அது நிரம்பினால் அதற்கடுத்தது; கடைசியிலே ஆறு, அதன்பின் கடல். ஆண்டுக்கு ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை சென்னையிலே பெய்கிறது. அதிலே பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தின் மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மூன்று மாத வெள்ளத்தைப் பன்னிரண்டு மாத வாழ்வாக மாற்றும் வித்தை, பள்ளிப்படிப்பு இல்லாத நம் முன்னோர் கண்ட பொறியியல் அன்றோ!

இதனைப் புரிந்துகொண்ட அயல்நாட்டார் ஒருவர் நம் நகருக்கே வந்தார். ஸ்காட்லாந்து நாட்டுப் பாட்ரிக் கெடிஸ் அவர். செடிகொடிகளை ஆராய்ந்த அறிஞர். நகரத்தையும் உயிருள்ள உடலாகவே கண்டவர். சென்னை ஆளுநர் பென்ட்லாந்து பிரபுவின் அழைப்பின் பேரில் 1914-இல் நகரமைப்புக் கண்காட்சியோடு புறப்பட்டார். அவர் வந்து சேர்ந்தார், கண்காட்சி வரவில்லை! படங்களை ஏற்றி வந்த "கிளான் கிராண்ட்" கப்பலை நடுக்கடலில் மூழ்கடித்துவிட்டது எம்டன். ஆம், 1914 செப்டம்பர் 22 இரவிலே சென்னையைக் குண்டுவீசி நடுங்கவைத்த அதே எம்டன். இன்றும் நாம் "அவன் பெரிய எம்டன்" என்கிறோமே, அந்த எம்டன்தான். சளைத்தாரா கெடிஸ்? புதிதாகப் படங்கள் திரட்டி, 1915-இல் சென்னையிலே கண்காட்சியை நடத்தியே காட்டினார்.

முதலில் ஆய்வு, பிறகுதான் திட்டம் என்பது அவர் கோட்பாடு. நிலத்தின் சரிவு எது, நீரின் வழி எது, மக்கள் நடக்கும் பாதை எது என்று அறியாமல் வரைபடத்திலே கோடு போடுவது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும் என்று கருதினார். கொசு பெருகுகிறது, எனவே குளத்தை மூடுக என்று அதிகாரிகள் வாதிட்டபோது, மீனும் வாத்தும் விட்டால் கொசு ஒழியும், குளத்தை ஏன் ஒழிக்க வேண்டும் என்று எதிர்வாதம் எழுதினார்.

1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. 1921 கணக்கெடுப்பில் நகர மக்கள் தொகை 5 லட்சத்து 27 ஆயிரம், குடியிருக்க இடமில்லை. 1923-இல் நீண்ட ஏரியை வடித்து மனை போடும் வேலை தொடங்கிற்று. பிறந்தது தியாகராய நகர்.

இங்கே நாம் சற்றுத் தயங்குகிறோம். அந்நகரின் பெயர் யாருடையது? பார்ப்பனரல்லாதார்க்கு வழி திறந்த வெள்ளுடை வேந்தர் பிட்டி தியாகராயருடையது. நடுவே இருப்பது பனகல் அரசர் பூங்கா. நாயர், நடேசன், சவுந்தரபாண்டியன் என்று தெருவும் பூங்காவும் கடைவீதியும் நீதிக்கட்சித் தலைவர்களை நினைவூட்டுகின்றன. அகன்ற சாலையும் அழகிய பூங்காவும் அமைத்து, நடுத்தர மக்களுக்கு வீடு தர எண்ணிய நோக்கம் நல்லதே. ஆயினும், ஆய்வு முதலில் என்ற பாடம் இதே ஊரில் சொல்லப்பட்டு எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. நோக்கம் நல்லதென்பதால் பள்ளம் மேடாகிவிடுமா? நம்மவர் செய்த பிழையைப் பேசத் துணியாமல், பிறர் பிழையை மட்டும் எழுதுவது பகுத்தறிவு ஆகாது என்பது நம் கருத்து.

பின்வந்தோரும் அதே வழியில் சென்றனர். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த நிலத்திலே 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. மழையின் சிறப்பைத் தம் நூலின் இரண்டாம் அதிகாரமாகவே வைத்தவருக்கு ஏரி நிலத்தில் நினைவகம்! அருகே டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை, இன்றும் அதே பெயரோடு இருக்கிறது.

ஏரி போயிற்று, ஆனால் மழைக்கு அது தெரியாதே! முன்பு சென்ற தாழ்நிலத்தையே அது தேடிச் செல்கிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு, அடையாறு கரைபுரண்டு, நகரம் மிதந்தது. 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களிலே முழங்கால் நீர். இவ்விரண்டுக்கும் இடையே, 2019 கோடையில், பூண்டியும் சோழவரமும் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீரை ஏற்றிக்கொண்டு, அவ்வாண்டு ஜூலை 12-இல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. அதற்கு வரவேற்பும் நடந்தது!

வரும் பருவமழைக்கு முன், வினவிய மாணவனையும் அவன் தோழர்களையும் டேங்க் பண்ட் ரோட்டிலிருந்து லேக் வியூ ரோடு வரை நடத்தி அழைத்துச்செல்ல இருக்கிறோம். ஏரி எங்கே என்று அவர்கள் மீண்டும் கேட்பார்கள். காலடியைத்தான் காட்ட வேண்டும்.