கையெடுக்காமல் ஒரே கோடு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் நேர்ரோட்டில் எவ்வளவு பறந்தாலும், வளைவு வந்தால் வேகத்தைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். வண்டியை அப்படியே தூக்கி மேல்ரோட்டில் வைக்க வழியில்லை. நிலைக்கதவில் பூவேலை செதுக்கும் சிஎன்சி ரவுட்டர் மெஷினுக்கும் இதே நிலைமைதான். ஒரே ஒரு வித்தியாசம், அதன் கட்டரைத் தூக்கி வேறிடத்தில் வைக்க முடியும். ஆனால் ஒவ்வொரு தடவை தூக்குவதற்கும் ஒரு விலை உண்டு.

'வி' வடிவக் கட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நுனிக்கோணம் 90 டிகிரி என்றால், 3 மி.மீ. ஆழம் இறங்கும்போது கோடு 6 மி.மீ. அகலமாக விழும். தூக்கி மறுபடி இறக்கும் இடத்தில் ஆழம் துளி மாறினாலும் கோட்டின் தடிமன் மாறிக் கண்ணில் குத்தும். திரும்புகிற இடத்தில் கட்டர் தயங்கி நின்றால் தேய்ப்புச் சூட்டில் மரம் கருகும். தூக்கி நகர்த்தும் நேரம் வேறு வீண் (காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்குக்கூட ஐடில் டைம் ஞாபகம் இருக்கும்!). ஆகவே, கட்டரை எடுக்காமல் ஒரே ஓட்டத்தில் முடிக்கும் பாதைதான் நல்ல பாதை.

இந்தக் கவலை எப்போது ஆரம்பித்தது? 1940களில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான பாகங்கள் செய்துகொண்டிருந்தார். அவருடைய இன்ஜினியர் ஃபிராங்க் ஸ்டூலன், பஞ்ச் கார்டு மெஷின் வைத்து வளைகோட்டில் 200 புள்ளிகளைக் கணக்குப் போட்டுக் கொடுத்தார், கட்டரின் ஆரத்தையும் சேர்த்து. புள்ளி புள்ளியாக வெட்டிவிட்டு, நடுவில் மிஞ்சிய மேடுகளை அரத்தால் ராவ வேண்டியதுதான். புள்ளிகளை நிற்காமல் இணைத்து ஓடும் மெஷின் 1952ல் எம்ஐடியில் வந்தது. செலவு அமெரிக்க விமானப் படையுடையது. 1959ல் டக்ளஸ் ராஸ் குழு 'ஏபிடி' என்ற மொழியை அறிமுகம் செய்தபோது, அந்த மொழியில் எழுதிச் செய்த அலுமினிய ஆஷ்ட்ரேக்களை நினைவுப்பரிசாகத் தந்தார்கள். இவ்வளவு பெரிய பணத்தில் பிறந்தது ஒரு ஆஷ்ட்ரே!

புள்ளி வைத்து, அதைச் சுற்றி நிற்காமல் கோடு ஓட்டுவது... இதைப் படிக்கும்போது நம் ஊர் ஆட்களுக்கு வேறொன்று ஞாபகம் வரவேண்டும். மார்கழி விடியலில் போடித் தெருக்களில் குனிந்து சிக்குக் கோலம் போடுகிறவர்கள் செய்வதும் அதைத்தான். மாவு விரலிடுக்கில் சீராக விழ, கை நிற்கக் கூடாது. நின்றால் அங்கே மாவு குவியும். மரம் கருகுவதுபோலத்தான்.

இதைக் கணக்காகப் பார்த்தவர்கள் தாம்பரத்தில் இருந்தார்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் மூவரும் 1974ல் கோலத்துக்கு இலக்கணம் வகுத்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். பிறகு கம்பிக் கோலம், நேரே போ, திரும்பு, சுற்று என்பது போன்ற சில அசைவுகளின் வரிசையாகவும் எழுதிக் காட்டப்பட்டது. ரவுட்டருக்குக் கொடுக்கும் ஜி-கோடும் அசைவுகளின் வரிசைதானே! 1986ல் பிரெமிஸ்லா புரூசின்கியேவிச் கம்ப்யூட்டர் திரையில் 'ஆமை'யை நகர்த்திப் படம் வரையும் முறையை விளக்கியபோது, அவர் காட்டிய உதாரணங்களில் கோலமும் இருந்தது.

சரி, எல்லாக் கோலமும் ஒரே கோட்டில் முடியுமா? முடியாது. வெறும் பின்னல் கோலத்தில் 4க்கு 5 புள்ளி வைத்தால் ஒரே கோடு, 4க்கு 4 வைத்தால் நான்கு தனிக்கோடுகள். இரண்டு எண்களின் மீப்பெரு பொதுவகுத்தி எதுவோ அத்தனை கோடுகள் (பள்ளியில் எதற்கென்று தெரியாமல் படித்தோமே, அதேதான்).

இப்போது அந்த 4க்கு 4 கோலத்தைத் தேக்குப் பலகையில் 'வி' கட்டரால் வெட்ட வேண்டும். கோட்டுக்கு ஒரு தடவை இறக்கினால் நடுவில் மூன்று தூக்கல். இல்லையென்றால் ஆய்லர் 1736ல் சொன்ன வழி இருக்கிறது. எல்லாச் சந்திப்பிலும் நான்கு கோடுகள், அதாவது இரட்டைப்படை. எனவே எடுக்காமலே முழுவதும் சுற்றிவரலாம். ஆனால் கோட்டிலிருந்து கோட்டுக்கு மாற, மூன்று சந்திப்புகளில் நேரே போகாமல் செங்கோணமாகத் திரும்ப வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை, ஆக ஆறு கொண்டை ஊசி வளைவு! தூக்கலா, கருகலா?

கோலம் போடுகிறவர்களிடம் மூன்றாவது வழி ஒன்று உண்டு. இரண்டு தனிக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒரு சந்திப்பில், அவை வெட்டாமல் முதுகுக்கு முதுகாக வளைந்து விலகும்படி மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். மூன்று இடத்தில் அப்படிச் செய்தால் நான்கு கோடும் ஒரே கோடு. தூக்கவும் வேண்டாம், சடாரென்று திரும்பவும் வேண்டாம். டிசைன் மட்டும் கொஞ்சம் மாறும். கதவுக்குச் சொன்னவர் அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.