பெரியம்மாக்களின் சதுக்கம்

சீன நகரங்களில் அந்தி சாய்ந்ததும் பூங்கா வாசல்களிலும் கடைவீதித் திடல்களிலும் ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் வரிசையாக நின்று ஆடும் ஆட்டம் குவாங்ச்சாங்வூ, அதாவது சதுக்க நடனம், எனப்படுகிறது. முதியோருக்கான உடற்பயிற்சி என இன்று போற்றப்படினும், உடல்நலம் என்னும் காரணம் இவ்வாட்டத்தோடு பிற்காலத்தில் வந்து சேர்ந்ததே.

இதன் பழைய வேர் வடசீன ஊர்ப்புறங்களின் யாங்கே ஆட்டமாகும். நாற்றுப் பாட்டு என்று பொருள்படும் இப்பெயர் நடவை நினைவூட்டினும், உழவர்கள் பெரும்பாலும் புத்தாண்டை ஒட்டியே முரசொலிக்கேற்ப இடுப்புத் துணியை வீசி இதனை ஆடினர். 1942-இல் யெனான் நகரில் மாவோ கலை இலக்கியம் பற்றி ஆற்றிய உரைகளை அடுத்து, பொதுவுடைமைக் கட்சி இவ்வாட்டத்தின் சரசத்தையும் வழிபாட்டுக் கூறுகளையும் களைந்து, உழைப்பையும் போரையும் பாடும் பரப்புரைக் கலையாக்கியது. 1966-இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியின்போது, மாவோ மீதான பற்றை உடலசைவால் காட்டும் விசுவாச நடனம் பள்ளிகளிலும் ஆலைகளிலும் பரவியது. அன்றைய இளம்பெண்களின் தலைமுறையே பின்னாளில் சதுக்கங்களை நிரப்பியதால், கூட்டமாக ஒரே சீராக அசையும் பழக்கம் அவர்கள் உடலில் முன்னரே படிந்திருந்தது எனக் கருத இடமுண்டு.

பழக்கம் இருந்தது, பொழுதைத் தந்தது ஓய்வு விதி. 1950-களில் வகுக்கப்பட்ட விதிப்படி ஆண்கள் 60 வயதிலும், பெண் தொழிலாளர் 50 வயதிலும், பெண் அலுவலர் 55 வயதிலும் ஓய்வு பெற்றனர். 1990-களின் பிற்பகுதியில் அரசு ஆலைகள் சீரமைக்கப்பட்டு இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தபோது, நடுவயதுப் பெண்கள் பலர் ஓய்வு வயதுக்கு முன்பே வீடு திரும்ப நேர்ந்தது. குடியிருப்பு, மருத்துவம், கலைக்குழு அனைத்தையும் ஆலையே வழங்கிவந்த அமைப்பில், வேலை போனதும் தோழியர் கூட்டமும் கலைந்தது. அக்கூட்டம் மீண்டும் கூடிய இடம் சதுக்கம். 1995-இல் அரசு அறிவித்த தேசிய உடற்தகுதித் திட்டம் அதற்கு ஒப்புதல் முத்திரை போலானது. நன்கு ஆடுவோர் முன்வரிசையில் நிற்க, புதியவர்கள் பின்னிருந்து பார்த்தே அடவுகளைக் கற்பதால், இதற்குப் பள்ளியோ முன்பயிற்சியோ தேவைப்படவில்லை.

இப்பெண்களைச் சீன ஊடகங்கள் தாமா என்கின்றன. தந்தையின் அண்ணன் மனைவியைக் குறிக்கும் இச்சொல்லுக்குத் தமிழின் பெரியம்மா அப்படியே பொருந்தும். ஆனால் ஊடக வழக்கில் அதில் சற்று ஏளனமும் கலந்துவிட்டது. ஆட்டத்தின் ஒலிபெருக்கி இரைச்சலால் சலித்த வென்சோ நகரக் குடியிருப்பாளர்கள் 2014-இல் 2,60,000 யுவான் செலவிட்டு, ஆடுவோரை நோக்கித் தாங்களே ஒலிபெருக்கிகளைத் திருப்பி, சத்தக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை முழங்கவிட்டனர். மறு ஆண்டு அரசு 12 மாதிரி நடனங்களை வெளியிட்டது. அது கட்டளையோ என்று எழுந்த முணுமுணுப்பின் பின் பரிந்துரை என்று விளக்கமும் தந்தது. 2022 ஜூன் 5 அன்று நடப்புக்கு வந்த திருத்தப்பட்ட ஒலி மாசுச் சட்டம், பொதுவிடத்தில் ஆடுவோர் அவ்விடத்துக்குரிய பரப்பு, நேரம், ஒலியளவு ஆகிய வரம்புகளுக்கு உட்பட வேண்டும் என விதித்தது.