ஹெரால்டின் தம்பி: ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் கதை

சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் 1960-களில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் சிறிய கார் உருவாகி வந்தது. அம்பாசிடரும் பியட்டும் நிறைந்திருந்த நம் சாலைகளில் அதுவும் ஓடியதை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அந்தக் காருக்கு இங்கிலாந்தில் ஒரு தம்பி இருந்தான். இரண்டே இருக்கைகள், மடக்கக்கூடிய துணிக்கூரை, தரையோடு தரையாகத் தாழ்ந்த உடல். அவன் பெயர் 'டிரயம்ப் ஸ்பிட்ஃபயர்'. 1962 முதல் 1980 வரை 3,14,000-க்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர் கார்கள் விற்பனையாயின.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் செல்வந்தர் வீட்டுப் பொருள் என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் ஸ்பிட்ஃபயர், மாதச் சம்பளக்காரரும் வாங்கக்கூடிய கார். விலையைக் குறைக்க வேண்டுமானால் எங்கேயாவது சிக்கனம் செய்தாக வேண்டும். அந்தச் சிக்கனம் தொழிற்சாலையோடு முடிந்துவிடுவதில்லை. வாங்கியவரோடு அது வீட்டுக்கு வருகிறது, மழையில் நனைகிறது, வளைவில் திரும்புகிறது. அது எங்கே இன்பம் தந்தது, எங்கே உயிருக்கே இடராக முடிந்தது என்பதைப் பார்ப்போம்.

போர்வைக்கு அடியில் கிடந்த கார்

கதை அண்ணனிடமிருந்து தொடங்குகிறது. 1950-களில் உலகின் பல கார்கள், உடலும் அடிச்சட்டமும் ஒன்றாக இணைந்த ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு-டிரயம்ப் நிறுவனத்தால் அவ்வாறு செய்ய இயலவில்லை. அதற்கு உடற்கூடு செய்து கொடுத்த நிறுவனத்தைப் போட்டி நிறுவனம் ஒன்று 1953-இல் விலைக்கு வாங்கிவிட்டது. ஆகவே 1959-இல் வெளிவந்த ஹெரால்டு, பழைய முறைப்படி தனி அடிச்சட்டத்தின் மீது தகடுகளைத் திருகிப் பொருத்திய காராக அமைந்தது.

இந்தக் குறையே ஒரு வசதியும் ஆயிற்று. தனி அடிச்சட்டம் இருந்தால் அதை வெட்டிக் குறைத்து வேறொரு உடலை மேலே ஏற்றிவிடலாம். இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த வடிவமைப்பாளர் ஜொவானி மிக்கெலோத்தி ஹெரால்டுக்கு உருவம் தந்தவர். அவரே அதன் அடிப்படையில் ஒரு சிறு ஸ்போர்ட்ஸ் காருக்கும் வடிவம் கொடுத்தார். ஆனால் அப்போது நிறுவனத்திடம் பணம் இல்லை. மாதிரிக் காரைத் துணியால் மூடி ஒரு மூலையில் நிறுத்திவிட்டார்கள். 1961-இல் லேலண்டு நிறுவனம் டிரயம்பை வாங்கியது. தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த புதிய அதிகாரிகள் அந்தப் போர்வையை விலக்கிப் பார்த்தார்கள். கார் பிடித்துப்போயிற்று, உற்பத்திக்கு ஒப்புதல் கிடைத்தது.

1962 இலண்டன் மோட்டார் கண்காட்சியில் ஸ்பிட்ஃபயர் மக்கள் முன் வந்தது. 1147 கன சென்டிமீட்டர் எஞ்சின், இரண்டு கார்புரேட்டர்கள், 63 குதிரைத் திறன், சுமார் 710 கிலோ எடை. உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 148 கிலோமீட்டர். நின்ற நிலையிலிருந்து 96 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 17 விநாடிகளுக்கு மேல் ஆயிற்று. இன்றைய சாதாரணக் குடும்பக் கார்கள் பலவும் இதைவிட விரைவானவை! ஆனால் தரைக்கு மிக அருகில், திறந்த வானத்தின் கீழ் உட்கார்ந்திருப்பவருக்கு அறுபது கிலோமீட்டர் வேகமே நூறு போலத் தோன்றும். சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் இரகசியம் இதுதான்: வேகத்தைவிட வேக உணர்வையே அது தருகிறது.

சிக்கனம் தந்த நன்மைகள்

ஸ்பிட்ஃபயரின் முன்பக்கம் முழுவதும், மட்காப்புத் தகடுகள் உட்பட, ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். ஹெரால்டிலும் இதே அமைப்பு உண்டு. திறந்துவிட்டால் முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பழுது பார்க்கலாம். எதையும் எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. சொந்தக்காரரே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பேனரோடு இறங்கிவிடலாம். சிறு வருமானக்காரருக்கு இது பெரிய உதவி.

திருப்பும் வட்டமும் வியப்பானது. சுமார் 7.3 மீட்டர் விட்டத்துக்குள் கார் முழுவதுமாகத் திரும்பிவிடும். போட்டிக் கார்களில் கழற்றி மாட்டும் பக்கத்திரைகளே இருந்த காலத்தில், ஸ்பிட்ஃபயரில் கைப்பிடியைச் சுழற்றி ஏற்றி இறக்கும் கண்ணாடிகள் இருந்தன.

ஆனால் துணிக்கூரை? முதல் இரண்டு வகைகளில் கூரை போடுவது கூடாரம் அடிப்பதைப் போன்றது. சட்டத்தை எடுத்துப் பொருத்த வேண்டும், துணியை இழுத்து விரிக்க வேண்டும், பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். வேலை முடிவதற்குள் மழை நின்றிருக்கும். 1967-இல் வந்த மூன்றாம் வகையில்தான் மடங்கும் கூரை வந்தது.

தீப்பெட்டிச் சோதனை

கூரை இல்லாத காருக்கு இயல்பாகவே ஒரு வலிமைக் குறை உண்டு. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தீப்பெட்டியை மூடியோடு பிடித்து இரு முனைகளையும் எதிரெதிராக முறுக்குங்கள். அது எளிதில் வளையாது. இப்போது உள்தட்டை மட்டும் வெளியே எடுத்து முறுக்குங்கள். உடனே கோணிக்கொள்ளும். மேற்பக்கம் மூடிய பெட்டி முறுக்கத்தை எதிர்க்கிறது. மேலே திறந்த பெட்டியால் அது முடிவதில்லை. திறந்த கார் அந்த உள்தட்டைப் போன்றது. மேடு பள்ளங்களில் முன்கண்ணாடியும் கதவுகளும் நடுங்குவது இதனால்தான்.

இந்தக் குறையை ஈடுசெய்ய அடிப்பகுதி வலுவாக இருக்க வேண்டும். ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டம் ஹெரால்டினுடையதைவிடக் குட்டையானது. ஹெரால்டில் இருந்த பக்கச் சட்டங்களும் இதில் இல்லை. அவற்றின் வேலையை, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டிகள் ஏற்றுக்கொண்டன. எடை குறைந்தது, உயரமும் தாழ்ந்தது. ஆனால் சாலையின் ஈரமும், குளிர்நாடுகளில் பனியை உருக்கத் தூவும் உப்பும் முதலில் தாக்குவது அந்தப் பெட்டிகளைத்தான். உள்ளிருந்தே துரு தின்னும். வெளியே வண்ணம் பளபளக்கும். ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவின் இடைவெளி சுருங்கினால், காரின் முதுகெலும்பே நலிந்துவிட்டது என்று பொருள். பழைய ஸ்பிட்ஃபயர் வாங்குவோர் இன்றும் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் இந்தப் பெட்டிகளைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள்.

வளைவில் காத்திருந்த ஆபத்து

இனி வருவதுதான் கதையின் முக்கியப் பகுதி. ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே மேலும் கீழும் அசையக் கூடியவை. அக்காலத்துச் சிறு கார்களில் இது உயர்ந்த வசதி. ஆனால் அதைச் செலவின்றிச் செய்ய ஒரு குறுக்குவழி கையாளப்பட்டது. நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியிலிருந்து இரு பக்கமும் ஓர் அரை அச்சு செல்லும். ஒவ்வோர் அரை அச்சிலும் உள்முனையில் மட்டுமே மூட்டு; சக்கரத்தின் பக்கம் மூட்டு இல்லை. ஆகவே பறவையின் இறக்கை போல அச்சும் சக்கரமும் சேர்ந்தே ஊசலாடும். இதனை 'ஊசல் அச்சு' எனலாம். வோக்ஸ்வாகனின் 'வண்டு'க் காரிலும் அமெரிக்காவின் ஷெவ்ரலே கார்வேரிலும் இதே முறைதான் இருந்தது.

இதில் என்ன ஆபத்து? ஒரு புத்தகத்தை விரித்து, கூடாரம் போலக் கவிழ்த்து மேசைமேல் வையுங்கள். கீழ் ஓரங்களை உள்நோக்கித் தள்ளுங்கள். முதுகு மேலே எழுகிறது அல்லவா? கார் வேகமாக வளையும்போது, வெளிப்புறச் சக்கரத்தைத் தரை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசை அரை அச்சின் வழியே சென்று காரின் பின்புறத்தை மேலே தூக்கப் பார்க்கிறது. பின்புறம் எழுந்தால் சக்கரம் உள்ளே சாய்ந்து மடங்குகிறது. டயர் முழு அகலத்துக்கும் தரையைத் தொடாமல் ஓரத்தில் மட்டும் நிற்கிறது. பிடிப்பு சட்டென்று போய்விட, காரின் பின்பகுதி வெளியே வீசப்படுகிறது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வளைவின் நடுவே அச்சம் கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், காரின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. பின்புறம் இன்னும் இலேசாகி எழுகிறது. அதாவது, பயந்தவர் இயல்பாகச் செய்வதே அவருக்கு வினையாகிறது. நிதானமாக ஓட்டப்பட்ட ஹெரால்டில் அரிதாக நேரக்கூடிய இந்நிலை, விரைந்து வளைவதற்கென்றே வாங்கப்பட்ட காரில் எளிதில் நேரக்கூடியதாயிற்று.

1965-இல் அமெரிக்க வழக்கறிஞர் ரால்ஃப் நேடர், கார்களின் பாதுகாப்புக் குறைகளைச் சாடி ஒரு நூல் வெளியிட்டார். அதன் முதல் அத்தியாயம் கார்வேரின் ஊசல் அச்சைப் பற்றியது. கார்வேர் அதே காலத்துப் பிற கார்களைவிட ஆபத்தானதன்று என்று 1972-இல் அரசு ஆய்வு ஒன்று கூறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் அந்த நூலுக்குப்பின் 'ஊசல் அச்சு' என்ற சொல்லைக் கேட்டாலே வாங்குவோர் ஐயுறத் தொடங்கினர்.

எளிய மாற்றம், எட்டு ஆண்டுத் தாமதம்

டிரயம்ப் இதற்கு இரண்டு விடைகள் கண்டது. ஸ்பிட்ஃபயரின் அதே அடிச்சட்டத்தில் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி 'ஜி.டி.6' என்ற காரை 1966-இல் அது விற்கத் தொடங்கியிருந்தது. அதன் பின் அமைப்பு 1968-இல் புதிதாக மாற்றப்பட்டது. ஒவ்வொரு சக்கரத்தையும் கீழிருந்து தாங்கும் கூடுதல் கரங்களும், அச்சில் ரப்பர் இணைப்புகளும் வந்தன. சக்கரம் மடங்குவது நின்றது. ஆனால் செலவு மிகுதி. மலிவான ஸ்பிட்ஃபயருக்கு அது கட்டுப்படியாகாது.

ஸ்பிட்ஃபயருக்கு 1970-இல் நான்காம் வகையோடு கிடைத்த விடை மிக எளிமையானது. காரின் பின்புறம் குறுக்காக ஒரு தகட்டு வில் உண்டு. பல தகடுகளை அடுக்கி, நடுவில் இறுக்கிப் பூட்டியிருப்பார்கள். இரு சக்கரங்களும் ஒரு மேட்டில் சேர்ந்து ஏறினாலும், வளைவில் ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினாலும், அந்த வில் எதிர்த்து நிற்கும். இப்போது ஒரு தகட்டைத் தவிர மற்றவற்றை நடுவில் தளரவிட்டார்கள். சிறுவர் ஏறி விளையாடும் சீசாப் பலகை போல அவை அசைய முடிந்தது. மேட்டில் வில் முன்போலவே காரைத் தாங்கியது. வளைவில் மட்டும் இணங்கிக் கொடுத்தது. கார் சாய்வதைத் தடுக்கும் பொறுப்பு முன்புறத்தில் தடிமனாக்கப்பட்ட ஒரு கம்பிக்குப் போயிற்று. பின் சக்கரம் மடங்கும் போக்கு வெகுவாகக் குறைந்தது. இந்த வழி இவ்வளவு மலிவாக இருந்ததால், 1973-இல் ஜி.டி.6-க்கும் அதையே பொருத்திவிட்டார்கள்!

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தீர்வுக்குப் புதிய உலோகமோ பெரிய இயந்திரமோ தேவைப்படவில்லை. இருந்த வில்லையே வேறு விதமாகப் பூட்டியது மட்டுந்தான். ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஸ்பிட்ஃபயர்கள் சாலைக்கு வந்துவிட்டன.

நம் பக்கத்தில் என்ன நடந்தது? ஊசல் அச்சு நம் சாலைகளுக்கும் ஒத்துவரவில்லை. ஹெரால்டை அடுத்து 1972-இல் வெளிவந்த 'ஸ்டாண்டர்டு கெஸல்' காரில் அது கைவிடப்பட்டு, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திண்மையான அச்சு பொருத்தப்பட்டது. மிருதுவான பயணம் சற்றுக் குறைந்தாலும் உறுதி கிடைத்தது.

முதுமையில் ஒரு ஸ்பிட்ஃபயர்

1974-இன் இறுதியில் 1493 கன சென்டிமீட்டர் எஞ்சினோடு கடைசி வகை வந்தது. 1980 ஆகஸ்டில் கவென்ட்ரி நகரின் கான்லி தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது. இன்று எஞ்சியிருக்கும் ஒவ்வொரு ஸ்பிட்ஃபயரும் நாற்பது வயதைக் கடந்தது.

முதிய காரோடு வாழ்வதற்குச் சற்று வேதியியலும் தெரிந்திருக்க வேண்டும். அக்காலப் பெட்ரோலில் இருந்த ஈயம், வால்வுகள் அமரும் இடத்தைத் தேயாமல் காத்தது. உடல்நலம் கருதி ஈயத்தை நீக்கியபோது, பழைய எஞ்சின்களுக்குக் கடினமான வளையங்கள் பொருத்த வேண்டியதாயிற்று. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பர்க் குழாய்களை அது கெடுக்கும். அவற்றை மாற்றாவிட்டால் கசிவும் தீயும் நேரலாம்.

இவ்வளவு தொல்லைகள் இருந்தும் அந்தக் காரை ஏன் வைத்திருக்கிறார்கள்? ஓர் இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பதைக் கையாலும் காதாலும் உடம்பாலும் உணரவைப்பதால்தான் என்று தோன்றுகிறது. அந்த ஆசை ஸ்பிட்ஃபயரோடு மறையவில்லை. 1989-இல் ஜப்பானின் மாஸ்தா நிறுவனம் எம்.எக்ஸ்-5 என்ற இரு இருக்கைத் திறந்த காரை வெளியிட்டது. எளிமை, குறைந்த எடை என்னும் பழைய கொள்கைகளையே அதுவும் பின்பற்றியது. ஆனால் நான்கு சக்கரங்களையும் மேலும் கீழும் தனித்தனிக் கரங்கள் தாங்கின. ஊசல் அச்சுக்கு அங்கே இடமில்லை. 2016-க்குள் பத்து லட்சம் கார்கள் உருவாயின.

மலிவான பொருள் எல்லாமே மட்டமானதன்று. கம்பளத்தில் சிக்கனம் செய்யலாம், கூரையில் செய்யலாம், அதனால் நனைவதோடு போகும். வளைவில் சக்கரத்தைத் தரையோடு பிடித்துவைக்கும் இடத்தில் செய்த சிக்கனத்துக்கு வேறு விலை உண்டு. ஒரு காரையோ மோட்டார் சைக்கிளையோ விலை கேட்கும்போது, எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்ற கேள்வியையும் சேர்த்தே கேளுங்கள்.