வயதானால் ராத்திரி அடிக்கடி எழவேண்டியிருப்பது ஏன்? தண்ணீரைக் குறைத்தால் சரியாகுமா?

"ராத்திரி மூணு தடவை எழுந்துட்டேன்..."

வீட்டில் மூத்தோர் இருந்தால் இதை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அடுத்து அவர்கள் செய்வது தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது. சிலர் மதியத்துக்குப் பிறகு குவளையைத் தொடவே மாட்டார்கள்.

சிறுநீர்ப்பை பலவீனமாகிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் பல நேரம் காரணம் சிறுநீரகத்தில் இருக்கிறது.

சிறுநீரகத்துக்கு இரவு, பகல் தெரியுமா?

தெரியும். அதன் உயிரணுக்களுக்குள்ளும் உடல் கடிகாரம் ஓடுகிறது. பகலில் ரத்தத்தை வடிகட்டும் வேகமும் உப்பை வெளியேற்றும் அளவும் கூடும். இரவில் இரண்டும் குறையும்.

தூங்கும்போது மூளை வாசோபிரசின் எனும் ஹார்மோனைக் கூடுதலாக வெளியிடும். தண்ணீரை வெளியே விடாமல் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி சிறுநீரகத்துக்கு அது சொல்லும். அதனால்தான் இளவயதில் 7, 8 மணி நேரம் எழாமல் தூங்க முடிகிறது.

வயதானால் என்ன மாறுகிறது?

இரவுக்கும் பகலுக்கும் இருந்த வித்தியாசம் குறைந்துவிடுகிறது. வாசோபிரசின் இரவில் முன்புபோல் கூடுவதில்லை. சுரந்தாலும் சிறுநீரகம் அதை அவ்வளவாகக் கேட்பதில்லை. பகலில் போகாத உப்பு இரவில் போகும். கூடவே தண்ணீரும் போகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 1,500 மில்லிலிட்டர் சிறுநீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இளையருக்கு அதில் சுமார் 20 விழுக்காடு, அதாவது 300 மில்லிலிட்டர்தான் இரவில் சேரும். சிறுநீர்ப்பை தாங்கிவிடும். மூத்தோருக்கு அது மூன்றில் ஒரு பங்கானால் 500 மில்லிலிட்டர். வயதாகும்போது சிறுநீர்ப்பையின் கொள்ளளவும் குறைவதால் எழுந்தே ஆகவேண்டும்.

கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிவிடும்.

அப்படியென்றால் தண்ணீரைக் குறைக்கலாமா?

நாள் முழுக்கக் குறைக்காதீர்கள். வயதானால் தாக உணர்வும் குறையும். நம்ம ஊர் வெயிலில் உடல் வறண்டால் தலைச்சுற்றல், மலச்சிக்கல், சிறுநீர்ப்பாதைத் தொற்று வரலாம். பகலில் போதிய அளவு குடித்துவிட்டு, படுக்கப்போகும் முன் 2, 3 மணி நேரம் மட்டும் குறைக்கலாம். இரவு உணவுக்குப் பிறகு கோப்பியும் தேயும் வேண்டாம். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்துவோர் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்றவேண்டும்.

தண்ணீரைவிட அதிகம் கவனிக்கவேண்டியது உப்பு. ஜப்பானின் நாகசாகி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாட உப்பை 10.7 கிராமிலிருந்து 8 கிராமுக்குக் குறைத்தோர் இரவில் எழுவது சராசரியாக 2.3 முறையிலிருந்து 1.4 முறைக்கு இறங்கியது. சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வுப்படி நாம் நாளுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறோம். பரிந்துரைக்கப்படும் அளவு 2,000. மீன்குழம்பு, ஊறுகாய், சூப் எல்லாவற்றிலும் அது ஒளிந்திருக்கிறது.

மருத்துவரிடம் எப்போது?

வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். நீரிழிவு, இதயச் செயலிழப்பு, ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம், தூக்கத்தில் மூச்சு தடைபடுவது ஆகியவையும் இரவில் எழவைக்கும். பலரும் கூச்சத்தால் சொல்வதில்லை. 3 நாளுக்கு எப்போது, எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு சிறுநீர் போனது என்று எழுதிக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். அந்தத் தாள் மருத்துவருக்குப் பெரிய உதவி. ரத்த அழுத்தத்துக்காக நீர் வெளியேற்றும் மாத்திரை எடுப்போர் அதை எந்த நேரத்தில் எடுப்பது நல்லது என்றும் கேளுங்கள். நீங்களாக மாற்றவேண்டாம்.

அதுவரை, கட்டிலிலிருந்து கழிவறைவரை ஒரு சின்ன இரவு விளக்கு இருக்கட்டும். தூக்கக் கலக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது உண்மையான ஆபத்து. வீவக வீடுகளில் வசிக்கும் மூத்தோர், ஈஸ் திட்டத்தின்கீழ் கழிவறையில் கைப்பிடிகள் பொருத்தவும் தரை வழுக்காமலிருக்கச் செய்யவும் விண்ணப்பிக்கலாம்.