ஆளுநருக்கு எழுதிய கடிதங்கள்: மிசிசிப்பி 1865–1876

அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆபிரிக்கர்களுள் முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பது நம் வாசகர்கள் பலர் அறிந்த செய்தி. அவர்களுள் ஒருவர் அப்துர் ரஹ்மான் இப்ராஹீம் இப்னு சூரி. மேற்கு ஆபிரிக்காவின் ஃபூத்தா ஜலோன் நாட்டு ஆட்சியாளரின் மகன். போரில் பிடிபட்டு, 1788 இல் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள நாச்செஸ் என்ற ஊரில் தோமஸ் ஃபொஸ்டர் என்ற தோட்ட முதலாளிக்கு விற்கப்பட்டார். 1826 இல் அவர் அரபியில் ஒரு கடிதம் எழுதினார். அது ஒரு செனட்டரின் கைவழியாக மொரோக்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய், அந்நாட்டுச் சுல்தானுக்கு எட்டியது. சுல்தான் கேட்க, ஜனாதிபதி ஜோன் குவின்ஸி அடம்ஸின் அரசாங்கம் தலையிட, 1828 இல் அவருக்கு விடுதலை கிடைத்தது. நாற்பது வருடம் அடிமையாக இருந்தவர், அடுத்த வருடம் லைபீரியாவில் இறங்கி, பிறந்த மண்ணை மிதிக்காமலே வபாத்தானார்.

இந்த வரலாற்றைத் தேடிப் போனபோதுதான் அதே மிசிசிப்பியில் நாற்பது வருடங்களுக்குப் பின் எழுதப்பட்ட வேறு கடிதங்கள் என் கண்ணில் பட்டன. இவை சுல்தானுக்குப் போனவையல்ல. மாநில ஆளுநருக்குப் போனவை. எழுதியவர்கள் அரச குமாரர்களுமல்லர். பருத்தி பிடுங்கியவர்கள், கொல்லர்கள், விதவைகள், ஊர் உத்தியோகத்தர்கள். இப்ராஹீமின் கடிதம் பலித்தது, அவர் மற்ற அடிமைகளைப் போன்றவரல்லர், ஒரு மன்னரின் மகன் என்று நம்பப்பட்டதால். இவர்களோ "நாங்களும் இந்த நாட்டுப் பிரஜைகள்" என்ற ஒரே காரணத்தைச் சொல்லி எழுதினார்கள். அந்தக் காரணம் எவ்வளவு தூரம் எடுபட்டது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

காலத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். 1860 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மிசிசிப்பியின் சனத்தொகை 791,305. அதில் 436,631 பேர் அடிமைகள். 1861 இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1865 இல் தென்மாநிலங்களின் தோல்வியில் முடிந்து, அடிமைமுறை ஒழிந்தது. தோற்ற மாநிலங்களை மீண்டும் ஒன்றியத்தில் சேர்ப்பது எப்படி, விடுதலையானவர்களின் நிலை என்ன என்று நாடு மல்லுக்கட்டிய அடுத்த பன்னிரண்டு வருடங்களை மீள்கட்டமைப்புக் காலம் என்பார்கள். மிசிசிப்பியில் அது பத்து வருடத்திலேயே முடிந்து போனது.

போர் முடிந்த கையோடு நடந்த தேர்தலில் ஆளுநராக வந்தவர் பெஞ்சமின் ஹம்ப்ரிஸ். தென்பகுதிப் படையில் ஜெனரலாக இருந்தவர். 1865 நவம்பரில் மாநில சட்டசபை "கறுப்பர் சட்டங்கள்" எனப்படும் சட்டங்களை நிறைவேற்றியது. 1866 ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமைக்குள் தொழிலில்லாத கறுப்பர் நாடோடிக் குற்றவாளி. தண்டப்பணம் 50 டொலர் வரை. ஐந்து நாளில் கட்டாவிட்டால், கட்டுகிற வெள்ளையரிடம் கூலிக்கு விடப்படுவார். ஒப்பந்தம் முடியுமுன் வேலையை விட்டுப் போனவரைப் பிடித்துக் கொண்டு வந்தால் 5 டொலரும், மைலுக்கு 10 சதமும் சன்மானம். பெற்றோர் பராமரிக்க இயலாத பிள்ளைகளையும் அநாதைகளையும் தொழில் பழக ஒப்படைக்கும்போது முன்னாள் எசமானுக்கே முன்னுரிமை. பட்டணங்களுக்கு வெளியே காணியைக் குத்தகைக்கு எடுக்கவும் தடை.

அதே 1865 டிசம்பர் தொடக்கத்தில் கிளெய்போர்ன் கவுண்டியின் விடுதலையான மக்கள் ஆளுநருக்கு ஒரு மனு எழுதினார்கள். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. எழுத்துப் பிழைகள் நிறைந்த அந்த மனு நேராக ஒரு கேள்வியைக் கேட்கிறது: மிசிசிப்பி அடிமைமுறையை ஒழித்தது உண்மையான மனத்துடனா, அல்லது இப்போதைக்கு ஒரு தந்திரமாகவா? அடிமைகளாக இருந்தபோது வேட்டை நாய்களின் குரைப்பை நன்றாக அறிந்தவர்கள் நாங்கள். குற்றம் செய்யாத வரையில் இனி எங்களை நாய் கொண்டு வேட்டையாட வேண்டாம் என்கிறது. மைலுக்கு 10 சதம் என்ற சட்டத்தைப் பக்கத்தில் வைத்து வாசித்தால் நாய்களைப் பற்றிய அந்தப் பேச்சு வெறும் பழைய ஞாபகமல்ல என்று விளங்கும்.

இங்கே நான் சற்று நிற்க வேண்டும். 1823 இலேயே மிசிசிப்பி, அடிமைகள் கூடி வாசிக்க எழுதக் கற்பதைச் சட்டத்தால் தடுத்திருந்தது. அப்படியானால் இந்தக் கடிதங்களை எழுதியது யார்? சிலர் களவாகக் கற்றவர்கள். சிலர் போருக்குப் பின் திறந்த பள்ளிகளில், வளர்ந்த வயதில் அரிச்சுவடி பிடித்தவர்கள். ஏனையோருக்கு ஒரு போதகரோ, வாத்தியாரோ எழுதிக் கொடுக்க, அவர்கள் கீழே ஒரு புள்ளடி இட்டார்கள்.

இதை விளங்கிக் கொள்ள எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. எங்கட வாப்பா ஊரில் பெட்டிசன் எழுதிக் கொடுப்பவர். கச்சேரிக்கு, டீஆர்ஓவுக்கு, காணிக் கந்தோருக்கு என்று வாரத்தில் இரண்டு மூன்று பேராவது திண்ணையில் வந்து குந்துவார்கள். "நீங்க சொல்லுங்க, நான் எழுதுறன். நீங்க சொல்லாத ஒண்ணையும் நான் எழுத மாட்டன்" என்பார். எழுதி முடித்து உரக்க வாசித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்குவார். வேறொருவர் கையெழுத்தில் இருப்பதால் அது அந்த மனிதரின் சொல் இல்லாமல் போய்விடாது.

அக்கால ஆங்கிலக் கடிதங்கள் "தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்" என்று முடிவது வழக்கம். ஜெனரல் எழுதினாலும் அதே முடிவு, பெரிய தோட்ட முதலாளி எழுதினாலும் அதே முடிவு. நேற்று வரை மெய்யாகவே ஒருவரின் உடைமையாக இருந்த மனிதன், இன்று அவர்கள் எழுதும் அதே மரியாதை வாசகத்தைத் தானும் எழுதி ஆளுநருக்கு அனுப்புகிறான் என்றால், அது பணிவு மட்டுமல்ல.

ஆளுநர்களுக்கு வெள்ளையரும் எழுதினார்கள். நிவாரணம் கேட்ட போர் விதவைகள், மன்னிப்புக் கேட்ட கைதிகளின் உறவினர், பதவி கேட்டவர்கள், வரியைக் குறைக்கச் சொன்னவர்கள் என்று பல வகை. 1865 இன் கடைசி மாதங்களில் தோட்ட முதலாளிகளிடையே ஒரு பீதி பரவியது: நத்தார் அன்று கறுப்பர்கள் கிளர்ந்தெழுந்து காணிகளைப் பிடிக்கப் போகிறார்களாம்! ஆயுதமும் காவற்படையும் தாருங்கள் என்று முறைப்பாடுகள் போயின. ஹம்ப்ரிஸ் செவிசாய்த்தார். காவற்படைகள் கறுப்பர்களின் குடிசைகளில் புகுந்து துப்பாக்கிகளைப் பறித்தன. நத்தார் வந்தது, போனது. கிளர்ச்சி எதுவும் நடக்கவில்லை. வதந்தியால் வந்த பயத்துக்குப் படை கிடைத்தது. கிளெய்போர்ன் மக்களை வேட்டையாட வழிவிட்ட சட்டமோ அப்படியே இருந்தது.

இந்தக் கணக்குச் சில வருடம் மாறியது. 1867 இல் காங்கிரஸ் தென்மாநிலங்களை இராணுவ நிர்வாகத்தின் கீழ் கொண்டு வந்து, கறுப்பு ஆண்களுக்கு வாக்குரிமை அளித்தது. 1868 ஜூனில் ஹம்ப்ரிஸ் நீக்கப்பட்டு, அடெல்பர்ட் ஏம்ஸ் என்ற வடபகுதி இராணுவ அதிகாரி தற்காலிக ஆளுநரானார். 1869 இல் அவர் நாச்செஸில் சமாதான நீதவானாக நியமித்தவர் ஜோன் ரோய் லிஞ்ச். அடிமையாகப் பிறந்த அந்த இளைஞர், பக்கத்து வெள்ளையர் பள்ளியின் பாடங்களைச் சன்னல் வழியே கேட்டும் படித்தவர். இப்ராஹீம் நாற்பது வருடம் அடிமையாக இருந்த அதே ஊரில், முறைப்பாட்டைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் கதிரையில் முன்னாள் அடிமை ஒருவர் அமர்ந்தார். லிஞ்ச் பின்னர் மாநில சபையின் சபாநாயகராகி, வாஷிங்டன் காங்கிரசுக்கும் போனார்.

1873 தேர்தலில் கறுப்பர்களின் வாக்குகளோடு ஏம்ஸ் மக்கள் தெரிவு செய்த ஆளுநராக வந்தார். லிங்கனின் கட்சியான குடியரசுக் கட்சிக்காரர். பழைய எசமான்களின் கட்சி அப்போது ஜனநாயகக் கட்சி. அது தேர்தலால் மட்டும் வெல்ல முடியாது என்று கண்டு, "வெள்ளையர் அணி"களைத் திரட்டியது. இதற்குப் பிறகு ஆளுநருக்கு வந்த கடிதங்களின் குரல் மாறுகிறது. பதவியும் பாடசாலையும் கேட்டவர்கள் இப்போது உயிரைக் கேட்டார்கள்.

1874 டிசம்பரில் விக்ஸ்பேர்க் நகரில், வொரன் கவுண்டியின் கறுப்பு ஷெரிஃப் பீட்டர் குரொஸ்பியை ஆயுதக் கும்பல் மிரட்டிப் பதவி விலக வைத்தது. ஷெரிஃப் என்றால் அங்கே பொலிஸ் தலைவரும் வரி அறவிடுபவரும் அவரே. குரொஸ்பி தலைநகர் ஜக்ஸனுக்கு ஓடி ஆளுநரிடம் முறையிட்டார். அவருக்கு ஆதரவாக நகரை நோக்கி வந்த கறுப்பர்கள் டிசம்பர் 7 இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செத்தவர் தொகை பற்றிய கணக்குகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அடுத்த மாதம் ஜனாதிபதி கிராண்ட் துருப்புக்களை அனுப்பிய பிறகே குரொஸ்பி மீண்டும் பதவியில் அமர முடிந்தது.

1875 செப்டம்பர் 4 இல் கிளின்டன் ஊரில் குடியரசுக் கட்சிக் கூட்டமொன்றில் வெடித்த கலவரத்தைத் தொடர்ந்து, பல நாட்கள் கறுப்பர்கள் தேடித் தேடிக் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் ஜக்ஸனுக்கு ஓடினார்கள். ஏம்ஸின் மேசையில் கடிதங்கள் குவிந்தன. விக்ஸ்பேர்க் கறுப்பர்கள் அனுப்பிய மனு, இரவில் படையுடை அணிந்தவர்கள் தெருவில் திரிந்து தங்களை விரட்டுவதாகச் சொல்கிறது. காக்கத் துருப்பு வராவிட்டால் வாக்களிக்கவே போகமாட்டோம் என்கிறது. ஆபத்தில் இருக்கும் மனிதன், ஆபத்து இன்ன இடத்தில், இன்ன விதமாக என்று எழுத்தில் அறிவித்த பத்திரம் அது.

ஏம்ஸ் வாசித்தார். ஆயுதக் குழுக்கள் கலையும்படி பிரகடனம் செய்தார். கலையவில்லை. ஜனாதிபதியிடம் துருப்புக் கேட்டார். கிராண்ட் அப்போது நியூ ஜேர்ஸியின் லோங் பிராஞ்ச் கடற்கரையில் இருந்தார். செப்டம்பர் 14 இல் சட்டமா அதிபர் பியர்பொன்ட் வழியாகப் பதில் வந்தது. தெற்கில் இலையுதிர் காலந்தோறும் எழும் இந்தக் குழப்பங்களால் பொதுமக்கள் அலுத்துப் போய்விட்டார்கள் என்பதே அதன் சாரம். கிராண்ட் எழுதியதில், அவசியமானால் படை அனுப்பி உறுதியாக நடக்க வேண்டும் என்ற பகுதியும் இருந்தது. பியர்பொன்ட் தனக்கு ஏற்ற வரிகளை மட்டும் எடுத்துக் கோத்தார். ஒஹையோ மாநிலத் தேர்தலில் தோற்றுவிடுவோம் என்று கட்சிக்காரர் எச்சரித்ததே காரணம் என்று கிராண்ட் தன்னிடம் சொன்னதாக லிஞ்ச் பிற்காலத்தில் எழுதினார்.

ஆக, கடிதம் உரிய இடத்துக்குப் போய்ச் சேராமல் இல்லை. கவுண்டியிலிருந்து ஆளுநருக்கும், ஆளுநரிடமிருந்து ஜனாதிபதிக்கும் ஒழுங்காகவே போனது. மேலே இருந்தவர்கள் கணக்குப் பார்த்துக் கைவிட்டார்கள்.

நவம்பர் 2 தேர்தலில் ஜனநாயகக் கட்சி வென்றது. கறுப்பர் பெரும்பான்மையான யாஸூ கவுண்டியில் குடியரசுக் கட்சிக்கு விழுந்த வாக்குகள் 7. ஏம்ஸுக்காகக் கறுப்பர் காவற்படையை நடத்திச் சென்ற கொல்லரும் மாநில செனட்டருமான சார்ள்ஸ் கோல்ட்வெல், அந்த நத்தார் தினத்தில் கிளின்டனில் கொல்லப்பட்டார். 1876 மார்ச்சில் ஏம்ஸ் குற்றப்பிரேரணைக்கு முகம் கொடுத்துப் பதவி விலகினார். 1890 இல் வந்த புதிய அரசியலமைப்பு, வாக்காளர் அதன் ஒரு பிரிவை வாசிக்கவோ, வாசிக்கக் கேட்டு விளக்கவோ வேண்டும் என்றது. வாசிப்பதைத் தடுத்த மாநிலமே இப்போது வாசிக்கவில்லை என்று சொல்லி உரிமையைப் பறித்தது.

அப்படியென்றால் எழுதியதெல்லாம் வீணா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 1876 இல் செனட்டர் பவுட்வெல் தலைமையில் விசாரணைக் குழுவொன்று மிசிசிப்பிக்கு வந்தது. கோல்ட்வெல்லின் விதவை உட்படப் பலர் சாட்சி சொன்னார்கள். சாட்சியங்களோடு ஆளுநருக்கு வந்த கடிதங்களும் இரண்டு பெரிய தொகுதிகளில் அச்சேறின. அதன் பின்பும் பல பத்து வருடங்கள் வெள்ளை வரலாற்றாசிரியர்கள் அக்காலத்தை அறியாமையின் ஆட்சி, ஊழலின் ஆட்சி என்றே எழுதினார்கள். 1935 இல் டூ போய்ஸ் பெருநூல் எழுதி அதை எதிர்த்தார். அவருக்குப் பின் வந்த ஆய்வாளர்கள் அந்தப் பொய்யை உடைக்க எடுத்த ஆதாரங்களில் இந்தக் கடிதங்களும் உண்டு. ஆளுநருக்கு எழுதும்போது அவர்கள் வரலாற்றை நினைத்திருக்க மாட்டார்கள். இன்றிரவு வீட்டை யார் காப்பது என்றே நினைத்திருப்பார்கள். ஆனாலும் ஊர், திகதி, நடந்த சம்பவம் என்று ஒழுங்காக எழுதி வைத்தார்கள். கொன்றவர்கள் எழுதிய வரலாறு நிலைக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாப்பா எழுதிய ஒவ்வொரு பெட்டிசனுக்கும் கார்பன் பிரதி ஒன்று வைத்திருந்தார். ஒரு றங்குப்பெட்டி நிறைய இருந்தது. அவர் மவுத்தான பிறகு பாதியைக் கறையான் தின்றது. மீதியை வீடு திருத்தும்போது நானே எரித்தேன். "இதெல்லாம் ஆருக்கு?" என்று உம்மாவிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறது. எத்தனை பேரின் காணி, எத்தனை பேரின் முறைப்பாடு அதில் இருந்தது என்று இன்று எனக்குச் சொல்லத் தெரியாது. உங்கள் வீட்டில் அப்படியொரு பெட்டி இருந்தால், தயவுசெய்து எரித்து விடாதீர்கள்.