செம்பின் தடிமனும் தடத்தின் அகலமும்

பிசிபி என வழங்கும் அச்சு மின்சுற்றுப் பலகையில் உறுப்புகளை இணைக்கும் செப்புப் பட்டை தடம் எனப்படும். கம்பியின் விட்டம் செய்யும் வேலையைத் தடத்தில் அகலமும் தடிமனும் சேர்ந்து செய்கின்றன. இவை போதாவிடில் தடம் சூடேறும். மின்னழுத்தம் வழியிலேயே குறையும். சூடு மிகுந்தால் செம்பு பலகையை விட்டுப் பெயர்ந்துவிடும்.

தொடக்கம்

ஆஸ்திரியாவில் பிறந்த பொறியாளர் பால் ஐஸ்லர், 1936இல் லண்டனில் அச்சுச் சுற்று கொண்ட வானொலிப் பெட்டியைச் செய்தார். 1943இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மின்கடத்தாப் பலகையில் ஒட்டிய செப்புத் தாளில் வேண்டாத பகுதியை இரசாயனத்தால் அரித்தெடுப்பது அவர் முறை. தாளின் தடிமன் பலகை முழுவதற்கும் ஒன்றே என்பதால், ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனியே முடிவு செய்ய எஞ்சியது அகலம்தான்.

அவுன்ஸ் கணக்கு

செம்பின் தடிமனை எடையால் சொல்வது வழக்கம். ஒரு சதுர அடியில் ஓர் அவுன்ஸ் செம்பைச் சீராகப் பரப்பினால் ஏறத்தாழ 35 மைக்ரான் வரும். அதுவே 1 அவுன்ஸ் செம்பு. 2 அவுன்ஸ் என்றால் 70 மைக்ரான். தடிமன் இரட்டித்தால் ஏறத்தாழப் பாதி அகலம் போதும். ஆனால் அரிக்கும் கரைசல் கீழே இறங்கும்போதே பக்கவாட்டிலும் செம்பைத் தின்னும். ஆகவே கனத்த செம்பில் மிக மெல்லிய தடங்களையும் நெருக்கமான இடைவெளிகளையும் பெறுவது கடினம்.

பாதியாக்கிய வளைகோடு

எவ்வளவு மின்னோட்டத்துக்கு எவ்வளவு சூடு என்பதை அமெரிக்கத் தேசியத் தரநிர்ணயப் பணியகம் அளந்து, 1956இல் அறிக்கையாகத் தந்தது. அதன் வளைகோடுகள் இராணுவத் தரநிர்ணயத்திலும், பின்னர் 1998இல் வெளியான ஐபிசி-2221 என்னும் தொழில்துறைத் தரநிர்ணயத்திலும் இடம்பெற்றன. பல அடுக்குப் பலகைகள் வந்தபோது, உள்ளே புதைந்த தடத்தின் சூடு வெளியேறாது என்று கருதி, வெளித்தட மின்னோட்டத்தில் பாதியையே உள்தடத்துக்கு அனுமதித்தார்கள். அது அளந்து கண்டதன்று. எச்சரிக்கைக்காக வைத்த மதிப்பு. அதன் விளைவு பெரிது: ஐபிசி-2221 சூத்திரப்படி 1 அவுன்ஸ் செம்பில், 1 ஆம்பியர் மின்னோட்டத்துக்கு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்கு மேல் உயராதிருக்க, வெளித்தடத்துக்கு ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் அகலம் போதும், உள்தடத்துக்கோ 0.78 மில்லிமீட்டர் வேண்டும்.

மறு அளவீடு

2009இல் வெளியான ஐபிசி-2152 புதிய சோதனைகளின் மேல் எழுந்தது. பலகைப் பொருள் காற்றைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால், உள்தடம் வெளித்தடத்தைவிட அதிகம் சூடேறுவதில்லை என்று அது காட்டியது. பலகையின் தடிமனும் அருகில் விரிந்த செப்புத் தளமும் சூட்டைக் குறைப்பதையும் கணக்கில் சேர்த்தது. பழைய சூத்திரம் எளிமையால் இன்னும் புழங்குகிறது. இடம் நெருக்கடியான பலகையில் உள்தடத்தின் அகலத்தை முடிவு செய்பவர், அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்பதை அறிந்திருக்க வேண்டும்.