வெயிலில் நிற்கும் காட்டேரி: கதையின் ஓட்டை கேள்வியான வரலாறு

பகல் வெயிலில் ரத்தக்காட்டேரி நிற்கலாமா? மும்பை அணுசக்தி நகரில் என் அண்ணன் வீட்டுக் கூடத்தில் ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆடிக்கொண்டிருந்த அண்ணன் மகன் ஒரு நாள் இந்தக் கேள்வியில் சிக்கிக்கொண்டான். பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட கேம் அது. அதில் ஆஸ்டாரியன் என்றொரு தோழன், ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே உச்சி வெயிலில் வந்து நிற்கிறான். சில இரவுகள் கழித்து அவன் காட்டேரி என்று தெரியவருகிறது. “லாஜிக் ஓட்டை அத்தை, கோட்டை விட்டுட்டாங்க” என்றான் பையன். கல்லூரி மாணவன், தீர்ப்பு சொல்ல அவசரப்படும் வயது.

ஓட்டை இல்லை. ஆஸ்டாரியனின் கழுத்தில் இரண்டு பல் தடங்கள் முதல் சந்திப்பிலிருந்தே கண்ணுக்குத் தெரியும்படி இருக்கின்றன. அவன் மூளைக்குள் புகுத்தப்பட்ட புழுதான் அவனை வெயிலிலிருந்து காக்கிறது. பழைய எஜமானின் பிடியிலிருந்து அவனை விடுவித்ததும் அதே புழு. அதேபோல் புழு புகுந்த மற்றவர்கள் அதை எடுத்துப்போடத் துடிக்கும்போது இவன் மட்டும் ஏன் தயங்குகிறான் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. தெரியாதவரை ஓட்டை. தெரிந்த பிறகு, சினிமாக்காரர்கள் சொல்வதுபோல, ‘லீட்’, அதாவது முன்னுணர்த்தல். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது பாத்திரத்தின் உட்கிடை, அதாவது அவன் மனத்துக்குள் மறைத்து வைத்திருக்கும் காரணம்.

தேர்வுகளால் நகரும் மாயக்கதை கேம்கள் இந்தக் கூர்மையைப் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டன என்று எழுதுவோர் உண்டு. தமிழில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. கதையில் ஓட்டை விழுந்தால் அதை அடைக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த வரலாறு தெளிவாகத் தெரிகிறது. முதலில் உரைகாரர், பிறகு கவிஞர், பிறகு கதைக்குள் நடந்துகொண்டிருக்கும் ஓர் அரசன், கடைசியில் வாசகர் என்று பொறுப்பு கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் புகாரை விட்டுக் கிளம்புமுன்பே கண்ணகி தன் கனவைத் தேவந்தியிடம் சொல்லிவிடுகிறாள். மதுரையில் நடக்கப்போவது அதில் நிழலாக இருக்கிறது. அடைக்கலக் காதையில் கோவலன் மாடலனிடம் சொல்வதும் ஒரு கனவு, வழக்குரை காதையின் வாயிலில் பாண்டிமாதேவி காண்பதும் ஒரு கனவு. அடியார்க்கு நல்லார் தம் உரையில் நாடகத்தின் ஐந்து சந்திகளை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று எண்ணி, உழுது விதைத்து முளைத்துக் கதிர்கட்டி அறுத்து உண்ணும் பயிரோடு ஒப்பிடுகிறார். முன்னுணர்த்தலுக்கு இதைவிடப் பொருத்தமான படிமத்தை நான் எங்கும் படித்ததில்லை. விதைத்தவனுக்கு விளைச்சல் தெரியும், கடந்து போகிறவன் கண்ணில் வெறும் மண்தான் படும்.

அதே காப்பியத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருப்பதாகப் பள்ளிக்கூடக் காலத்தில் நாங்கள் எல்லோரும் சண்டை போட்டிருக்கிறோம். தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். ஒரு நிமிடம் உடைத்துப் பார்த்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். நெடுஞ்செழியன் ஏன் பார்க்கவில்லை? இளங்கோ காரணத்தை வைத்துவிட்டுத்தான் போகிறார். ஆடல் மகளிரைக் கண்டு மகிழ்ந்த கணவன் மேல் தேவிக்கு ஊடல், அதைத் தணிக்கும் அவசரத்தில் மன்னன் போய்க்கொண்டிருக்கிறான், பொற்கொல்லன் சரியாக அந்த நேரம் பார்த்துக் காலில் விழுகிறான். கொலைத் தீர்ப்பின் வேர் அந்தப்புரத்துப் பிணக்கில் இருக்கிறது.

கம்பர் இன்னும் ஒரு படி மேலே போனார். மந்தரை ஏன் அவ்வளவு வெறியோடு கைகேயியைக் கலைத்தாள் என்ற கேள்விக்கு, இளமையில் இராமன் அவள் கூன் முதுகில் வில்லால் மண்ணுருண்டை அடித்ததைக் காரணமாக வைத்தார். அதோடு நிற்கவில்லை. கிட்கிந்தையில் சுக்கிரீவனுக்கு அரசியல் சொல்லும்போது, எளியவர் என்று யாரையும் இகழாதே, கூனிக்கு நான் செய்த தீமையால்தான் துன்பக் கடலில் விழுந்தேன் என்று இராமன் வாயாலேயே சொல்லவைத்தார். அயோத்தியா காண்டத்தில் ஊன்றிய விதை இரண்டு காண்டம் தள்ளி அறுவடையாகிறது. 1939இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் வழியாகவும் பிறகு ஊர் ஊராகவும் பரவிய பட்டிமன்றங்கள் பிழைத்ததே இப்படிப்பட்ட இடங்களால்தான். வாலியை மறைந்து கொன்றது சரியா, கைகேயி குற்றவாளியா என்று மேடையில் மோதிக்கொண்டவர்கள் பாத்திரத்தின் உட்கிடைக்குச் செய்யுளிலிருந்து சாட்சி தேடினார்கள். வேடிக்கைப் பேச்சு பெருகி, சாட்சி குறைந்துபோனது பிற்காலக் கதை.

இந்தப் பொறுப்பைக் கதைக்கு உள்ளேயே கொண்டுவந்தது வேதாளக் கதைதான். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் அரசனின் பெயர் திரிவிக்கிரமசேனன், அவன் ஊர் கோதாவரிக் கரையின் பிரதிட்டானம், அதாவது இன்றைய மராட்டியத்துப் பைட்டண். மும்பைச் சேம்பூரில் நின்று பார்த்தால், தமிழில் நாம் விக்கிரமாதித்தன் என்று அறிந்த இந்த அரசன் நமக்குப் பக்கத்து ஊர்க்காரன். வடமொழியில் வேதாளம் தொங்குவது சிம்சுபா மரத்தில். தமிழில் அது முருங்கை மரத்துக்கு மாறி, பழமொழியாகவே ஆகிவிட்டது.

சட்டகக் கதையே முன்னுணர்த்தலில்தான் தொடங்குகிறது. ஒரு துறவி ஆண்டுக்கணக்கில் தினமும் அரசனுக்கு ஒரு பழம் கொடுத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போகிறான். அரசன் அதை வாங்கிக் கருவூலக்காரனிடம் கொடுத்துவிடுகிறான். ஒரு நாள் ஒரு பழம் குரங்கின் கையில் சிக்கி உடைய, உள்ளேயிருந்து மணி ஒன்று உருளுகிறது. கருவூலத்தில் போய்ப் பார்த்தால் பழங்கள் அழுகி மறைந்து, மணிகள் மட்டும் குவிந்து கிடக்கின்றன. எதுவும் கேட்காமல் இவ்வளவு கொடுப்பவனுக்கு என்ன வேண்டும்? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கக் கதை முடியவேண்டும். துறவிக்கு வேண்டியது அரசனின் தலை.

துறவிக்காகப் பிணத்தைச் சுமந்துவரும் அரசனுக்கு, அதில் குடியிருக்கும் வேதாளம் சொல்லும் முதல் கதையும் குறிப்புகளைப் படிக்கும் கதைதான். பத்மாவதி என்ற பெண் தாமரையைக் காதில் வைத்து, பல்லணிபோல் முறுக்கி, இன்னொன்றைத் தலையில் சூடி, மார்பில் கைவைத்துக் காட்டுகிறாள். இளவரசனுக்கு ஒன்றும் புரியவில்லை. அமைச்சன் மகன்தான் ஊர், குலம், பெயர், காதல் நான்கையும் பிரித்துச் சொல்கிறான். கடைசியில் அவ்வூர் அரசன் பெண்ணைத் தண்டித்துவிட, அவளைப் பெற்றவர்கள் துயரத்தில் இறக்க, அந்தப் பாவம் யாருக்கு என்று வேதாளம் கேட்கிறது. விசாரிக்காமல் தண்டித்த அரசனுக்கு என்கிறான் திரிவிக்கிரமசேனன். மதுரைச் சிலம்பு வழக்கை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த விடை புதிதாக இருக்காது.

கேம்களோடு ஒப்பிடத் தூண்டும் விதி இனிமேல்தான். விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும், பேசினால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். சரியான விடைதான் ஆட்டக்காரனை ஆரம்பத்துக்கு அனுப்புகிறது. அரசன் வெல்வது கடைசிக் கதையில், விடை தெரியாமல் வாயடைத்து நிற்கும்போதுதான். அதுவோ தடயத்தைத் தப்பாகப் படித்தவர்களின் கதை. காட்டில் இரண்டு பெண்களின் காலடிச் சுவடுகளைக் கண்ட தகப்பனும் மகனும், பெரிய சுவடுக்காரி தகப்பனுக்கு, சிறிய சுவடுக்காரி மகனுக்கு என்று பேசி முடிவு செய்கிறார்கள். நேரில் பார்த்தால் பெரிய பாதம் மகளுடையது, சிறிய பாதம் தாயுடையது. வாக்கு வாக்குதான் என்று தகப்பன் மகளை மணக்கிறான், மகன் தாயை மணக்கிறான். இவர்கள் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்பது வேதாளத்தின் கேள்வி. அரசன் பதில் சொல்லாமல் நடக்கிறான். மகிழ்ந்துபோன வேதாளம் துறவியின் சதியைச் சொல்லித் தப்பும் வழியும் காட்டுகிறது.

இந்தக் கதைகள் பெரிய எழுத்துப் புத்தகங்களாகத் தமிழ்ச் சந்தைகளில் நெடுங்காலம் விற்றன. வாசகரை உள்ளே இழுத்தது அம்புலிமாமா. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை அது. தோளில் பிணத்தோடும் கையில் வாளோடும் விக்கிரமன் நடக்கும் அந்தப் படம், 1952இல் அங்கே சேர்ந்து 2020இல் மறைந்த ஓவியர் சங்கரின் கை. பழைய இருபத்தைந்து கதைகள் தீர்ந்தபின் ஆசிரியர் குழு அதே அச்சில் புதுக் கதைகளை மாதந்தோறும் வார்த்தது. தெலுங்கு எழுத்தாளர் கொடவடிகண்டி குடும்பராவின் பங்கு அதில் பெரிது.

என் கணிப்பில், தமிழ்ச் சிறுவர்களுக்குக் கதை ஓட்டையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த பள்ளி அந்தப் பக்கங்கள்தான். பழைய வேதாளம் பெரும்பாலும் யார் சிறந்தவர், யார் குற்றவாளி என்று கேட்டது. அம்புலிமாமா வேதாளம் ‘ஏன் இப்படி நடந்துகொண்டான்’ என்று கேட்டது. பரிசுக்காகவே வந்தவன் பரிசைத் தொடாமல் போவான், எதிரியை வென்றவன் அவனிடமே நாட்டைக் கொடுப்பான். முன்னுக்குப் பின் முரணாக இல்லையா என்று வேதாளம் சீண்டும். அது முரண் இல்லை, நீ சொன்ன கதையிலேயே இன்ன இடத்தில் காரணம் இருக்கிறது என்று விக்கிரமன் விளக்குவான். ஓட்டையைத் திட்டமிட்டு வெட்டி, அடைக்க வேண்டிய மண்ணையும் முன்பக்கத்திலேயே போட்டுவைத்த கதைகள் அவை. கேள்விக்கும் விடைக்கும் நடுவே விரலால் மறைத்துக்கொண்டு யோசித்தவர்கள் பலர். நானும்தான்.

மும்பை டிராம்பேயில் 1954இல் அமைந்த அணுசக்தி நிலையம் 1967இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் ஆனது. அங்கே வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் அணுசக்தி நகரில் குடியேறின, அம்புலிமாமா போன்ற பத்திரிகைகளும் கூடவே வந்தன. இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1962இல் பெல் ஆய்வகத்தில் மினிட்மேன் ஏவுகணைக்காக உருவாகி, 1975இல் அமெரிக்காவின் அணு உலைப் பாதுகாப்பு ஆய்வில் பெரிதாகப் பயன்பட்ட ‘ஃபால்ட் ட்ரீ’ முறை, பெரிய விபத்தை உச்சியில் வைத்து அதற்கு எந்தெந்தச் சிறு கோளாறுகள் கூடிவரவேண்டும் என்று கிளை கிளையாகக் கீழே இறங்கும். பகலில் அந்த மரத்தோடு மல்லாடிய அப்பாக்கள் இரவில் பிள்ளைகளுக்கு முருங்கை மரத்துக் கதை சொன்ன ஊர் இது. இரண்டும் ஒரே பயிற்சி என்று நிரூபிக்க என்னால் முடியாது, ஆனாலும் அந்த எண்ணம் என்னை விடுவதில்லை.

1985இல் ராமானந்த் சாகரின் ‘விக்ரம் அவுர் பேதால்’ தூர்தர்ஷனில் வந்தபின் மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேதாளம் இந்தியும் பேசியது. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையின் பழைய புத்தகக் கடைகளோ வேறொரு வாசல். அங்கே கிடைத்த, வாசகரே முடிவெடுத்துப் பக்கம் தாண்டும் ‘சூஸ் யுவர் ஓன் அட்வென்ச்சர்’ வரிசை 1979இல் எட்வர்ட் பேக்கர்டின் ‘த கேவ் ஆஃப் டைம்’ நூலோடு தொடங்கியது. 1982இல் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் பகடையைச் சேர்த்து ‘ஃபைட்டிங் ஃபேன்டஸி’ வரிசையைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு பேக்கர்ட் எழுதிய ‘இன்சைட் யு.எஃப்.ஓ. 54-40’இல் அல்டிமா என்ற சொர்க்கக் கிரகம் ஒரு பக்கத்தில் இருக்கிறது. எந்தத் தேர்வும் அந்தப் பக்கத்துக்கு அழைத்துப் போகாது. விதியை மீறிப் புரட்டுகிறவருக்கு மட்டுமே அது கிடைக்கும். திரிவிக்கிரமசேனனின் மௌனத்துக்கு இது உடன்பிறப்பு.

கணினிக் கேம்களில் ஓட்டையின் இயல்பே மாறிவிடுகிறது. நேர்கோட்டுக் கதையில் முரண் வந்தால் எழுதியவர் பொறுப்பு. கிளைக்கதையில் ஆட்டக்காரர் எந்த ஊருக்கு முதலில் போவார், யாரை உயிரோடு விடுவார் என்று எழுதியவருக்கே தெரியாது. நடந்ததையெல்லாம் நிரல் குறித்துவைத்துக்கொண்டு வசனத்தை மாற்றவேண்டும். ஒரு குறிப்பு விட்டுப்போனால் செத்தவரைப் பற்றி நலம் விசாரிப்பார்கள். ஆகவே இங்கே இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன: கிளைகள் ஒட்டும் இடத்துத் தையல் பிரிந்தது ஒன்று, வேண்டுமென்றே விட்ட இடைவெளி இன்னொன்று. பிரித்தறிகிறவரே நல்ல ஆட்டக்காரர்.

2015இல் போலந்தின் சி.டி. புரொஜெக்ட் ரெட் வெளியிட்ட ‘விட்சர் 3’இல் மரத்தடியில் சிறைப்பட்ட ஆவி ஒன்று பேசுகிறது. என்னை விடு, சதுப்பு நிலத்து அனாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. விட்டால் சொன்னபடியே காப்பாற்றும், கூடவே ஒரு கிராமத்தை அழிக்கும், ஒரு தாயின் உயிரும் போகும். கொன்றால் தாய் புத்தி பேதலித்துப் பிழைப்பாள், குழந்தைகள் சூனியக்காரிகளுக்கு இரை. ஆவி பொய் சொல்லவில்லை. முழுவதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ‘பால்டர்ஸ் கேட் 3’இல் கனவில் வந்து காக்கும் உருவத்தின் முகத்தை ஆட்டத் தொடக்கத்தில் நாமே அழகு பார்த்து வடிவமைக்கிறோம். (விளையாடி முடிக்காதவர்கள் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிவிடலாம்.) அந்த முகத்துக்குப் பின்னால் இருப்பது நாம் அஞ்சி ஓடும் மூளையுண்ணிகளில் ஒன்று. தினமும் ஒரு பழம் கொடுத்த துறவிக்கும் இதற்கும் தொழில் ஒன்றுதான்.

தமிழ்க் கதையே கேமாக வந்தபோது இந்தப் பயிற்சி அடுக்களைக்குப் போனது. டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டு, 2024இல் அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருது பெற்ற ‘வெண்பா’ மாயக்கதை இல்லை, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. அதில் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் கறை படிந்து எழுத்துகள் அழிந்திருக்கின்றன. விட்டுப்போன படியை ஆட்டக்காரரே ஊகித்து இட்லி வேகவைக்க வேண்டும்.

அண்ணன் மகன் ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி தொடங்கி, ஆஸ்டாரியனின் கழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். “இருக்கு அத்தை” என்றான். பதிலுக்கு நான் வேதாளத்தின் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். மின்கட்டண ரசீதின் பின்புறம் நான்கு வட்டம் போட்டுக் கோடு இழுத்தான். இரண்டு பிள்ளைகளும் ஆண் என்று வைத்துக்கொண்டான். தாயின் பிள்ளை, மகள் பிள்ளைக்குத் தாய்மாமன். மகள் பிள்ளையோ தாயின் பிள்ளைக்குச் சித்தப்பா. ஒருவனுக்கு மற்றவன் மாமா, அவனுக்கு இவன் சித்தப்பா. நம் உறவுமுறைச் சொற்கள் கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

“அப்போ ராஜாவுக்கு இது ஏன் தெரியல?” என்றான். “தெரிஞ்சும் பேசாம இருந்தா தலை வெடிச்சிருக்கணுமே?”